தொங்கும் கார் ரூஃப் லைனிங்: கழற்றுவது முதல் திரும்ப மாட்டுவது வரை முழு வழிகாட்டி

காரின் கூரைத் துணி தொங்க ஆரம்பித்தால் பெரும்பாலானோர் முதலில் தேடுவது பசை டப்பாவைத்தான். துணிக்கும், அது ஒட்டியிருக்கும் கூரை வடிவ வார்ப்பு அட்டையான போர்டுக்கும் நடுவில் அடித்து அழுத்தினால் அன்றைக்கு நிற்கும். நாலு வெயில் கண்டதும் மறுபடி இறங்கிவிடும். ஏனென்றால் கெட்டுப்போனது பசை அல்ல. துணியின் முதுகில் 3 முதல் 5 மி.மீ. கனத்தில் ஒரு ஸ்பாஞ்ச் இருக்கிறது. அதுதான் வெயில் சூட்டிலும் ஈரப்பதத்திலும் வருஷக்கணக்கில் இற்றுப்போய் மாவாகியிருக்கும். துணி நன்றாக இருக்கும், போர்டும் நன்றாக இருக்கும், நடுவில் இருக்கும் அடுக்கு மட்டும் இருக்காது. மாவின் மேல் எந்தப் பசையும் நிற்காது.

ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதுதான். துணி ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும்; அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் வேலைக்கு ஒரு முழு நாளும், பசை காய இன்னொரு நாளும் ஒதுக்குங்கள். அவசரமாக மாலைக்குள் வண்டி வேண்டும் என்றால் அன்றைக்குத் தொடங்கவே வேண்டாம்.

1. முழுதாக மாற்ற வேண்டுமா என்று சோதியுங்கள்

தொங்கும் இடத்தில் துணியை மெதுவாக அழுத்தி, விரல்களால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே மணல் போல நறநறத்தாலோ, ஓரத்தைத் தூக்கும்போது மஞ்சள் அல்லது பழுப்பு நிறத் தூள் கொட்டினாலோ ஸ்பாஞ்ச் முடிந்துவிட்டது. இன்று ஒரு மூலை மட்டும் தொங்கினாலும் மற்ற இடங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. முழுதாக மாற்றுவதுதான் வழி.

ஸ்பாஞ்ச் இன்னும் மெத்தென்று, விரலை எடுத்ததும் மேலெழும்புகிறது, ஓரம் மட்டும் விட்டிருக்கிறது என்றால் கதை வேறு. தண்ணீர் பட்டோ, பீடிங் (கதவுத் திறப்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை) நழுவியோ விட்டுப்போன ஓரம் அது. பீடிங்கை இறக்கி, ஓரத்தைத் தூக்கி, இரு பக்கமும் சிறு தூரிகையால் கான்டாக்ட் பசை தடவி, கொஞ்சம் காயவிட்டு அழுத்தினால் போதும். போர்டைக் கழற்றத் தேவையில்லை.

சுருள் ஊசிகளைத் திருகித் துணியை நிறுத்துவது, குண்டூசி குத்துவது, ஊசிக்குழாயால் பசை செலுத்துவது ஆகியவை ஓட்டுநர் தலையில் துணி இடிக்காமல் சில வாரம் தள்ள உதவும். அதற்கு மேல் இல்லை. ஊசிக்குழாய் பசையில் கூடுதலாக ஒரு தொல்லை: அது துணியின் முகப்புக்கு ஊறி வந்து கறையாகத் தெரியும்.

இந்த வழிகாட்டி, வார்ப்பு போர்டின் மேல் ஸ்பாஞ்ச் துணி ஒட்டிய ரூஃப் லைனிங்குக்கு மட்டும். கூரையின் குறுக்கே கம்பிகள் ஓட, அவற்றில் துணியைக் கோத்துத் தொங்கவிட்ட பழைய வண்டிகளுக்கு முறையே வேறு; அங்கே கழற்றி எடுக்க போர்டு கிடையாது.

2. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

துணி: முதுகில் ஸ்பாஞ்ச் ஒட்டிய, ரூஃப் லைனிங்குக்கென்றே வரும் துணி. ஸ்பாஞ்ச் இல்லாத துணி வேண்டாம். போர்டில் உள்ள ஒவ்வொரு கீறலும் சுரண்டல் தடமும் முகத்தில் தெரியும். சீட் துணியும் வேண்டாம். அது கனம், இழுபடாது, வளைவில் உட்காராது. ரோலின் அகலம் பொதுவாக 150 செ.மீ. அளவில் வரும். நீளத்துக்கு, போர்டை முன்னிருந்து பின்னாக அளந்து அதோடு 40 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 160 செ.மீ. போர்டுக்கு 2 மீட்டர். டேப்பை நேராகப் பிடித்து அளக்காமல், பள்ளம் மேடுகளில் உட்காரவைத்து அளப்பது முக்கியம். சன் வைசர் பள்ளமும் ரூம் லைட் குழியும் துணியைத் தின்னும். பில்லர் ட்ரிம்களும் (கூரையைத் தாங்கும் தூண்களை உள்பக்கம் மூடும் உறைகள்) துணி போர்த்தியவை என்றால் அவற்றுக்கும் சேர்த்து ஒரே ரோலிலிருந்து வாங்குங்கள். அடுத்த ரோலில் நிறம் லேசாக மாறும்.

பசை: அதிகச் சூடு தாங்கும் ஸ்ப்ரே கான்டாக்ட் பசை. டப்பாவில் ஹெட்லைனர் அல்லது கார் உட்புறத் துணிக்கு என்று இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் கூரை, கைவைக்க முடியாத அளவு கொதிக்கும். கைவினை வேலைக்கு விற்கும் சாதாரண ஸ்ப்ரே பசை அந்தச் சூட்டில் இளகிவிடும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பதைத் தேடுங்கள். நடுத்தர அளவுக் காருக்கு 500 மி.லி. அளவு டப்பா 2 ஆகும், 3 வாங்குங்கள். பாதித் துணி ஒட்டிய நிலையில் பசை தீர்ந்தால் மீதிப் பாதி வீண்.

கருவிகள்: பிளாஸ்டிக் ட்ரிம் நெம்புகோல் செட், ஸ்க்ரூ டிரைவர்கள், ஸ்டார் பிட்கள் (சன் வைசருக்குப் பெரும்பாலும் டி20 அல்லது டி25), ராட்செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த இறுக்க அளவுக்கு முறுக்கும் கருவி), கெட்டியான நைலான் பிரஷ், வாக்குவம், புது பிளேடுகள் ஒரு பாக்கெட், குத்தூசி, மாஸ்கிங் டேப்.

பாதுகாப்புக்கு: தூளுக்கு என்95 மாஸ்க், பசைக்கு ரசாயன ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணாடி, கையுறை. என்95 மாஸ்க் பசை ஆவியைத் தடுக்காது. இரண்டும் வேண்டும்.

கிளிப்கள்: உங்கள் மாடலுக்கான ட்ரிம் கிளிப் 10 கூடுதலாக. பழைய பிளாஸ்டிக் கிளிப் கழற்றும்போது உடைவது சாதாரணம். உடைந்ததை அப்படியே மாட்டினால் கூரை கடகடவென்று சத்தம் போடும்.

3. பேட்டரியும் ஏர்பேக்கும்

சைடு கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அது போர்டின் ஓரத்துக்கு மேலே, கதவு வரிசை நெடுகச் சுருண்டு கிடக்கும். பில்லர் ட்ரிம்மில் ஏர்பேக் என்றோ எஸ்ஆர்எஸ் என்றோ பொறித்திருந்தால் உங்கள் வண்டியில் இருக்கிறது.

முதல் வேலை, சாவியை அணைத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. பிறகு காத்திருக்க வேண்டும். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கியிருக்கும். பேட்டரி போனாலும் ஏர்பேக்கை வெடிக்க வைக்க அது போதும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் மேனுவலில் இருக்கும். 10 நிமிடம் விடுங்கள். மேனுவல் அதற்கு மேல் சொன்னால் அதன்படி.

வேலை முடியும் வரை பேட்டரியை மாட்டாதீர்கள். பாட்டுக் கேட்கவோ கண்ணாடியை இறக்கவோ நடுவில் மாட்டி சாவியைத் திருப்பினால், கழற்றிய கனெக்டர்களைப் பார்த்து ஏர்பேக் விளக்கு எரிந்து, பிழைக் குறியீடு பதிவாகிவிடும். அதை அழிக்க ஸ்கேனர் தேவைப்படும். ஆகவே கண்ணாடிகளை முன்னமே இறக்கி வைத்துவிடுங்கள். டிக்கி மின் பொத்தானில் திறப்பது என்றால் அதையும் இப்போதே திறந்து வையுங்கள்.

4. கழற்றும் வரிசை

வரிசை முக்கியம். கூரையைத் தாங்கும் பொருட்களைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும். முதலிலேயே எடுத்தால் போர்டு நடுவில் தொங்கி, தன் பாரத்திலேயே மடிந்துவிடும்.

முதலில் முன் சீட் இரண்டையும் முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து, ஹெட்ரெஸ்ட்களை எடுங்கள். பிறகு எல்லாக் கதவு பீடிங்கையும் மேல் பகுதியில் மட்டும் கையால் இழுத்து இறக்குங்கள். பீடிங்கின் உதட்டுக்குள்தான் போர்டின் ஓரம் ஒளிந்திருக்கிறது.

அடுத்து பில்லர் ட்ரிம்கள், முன்னிருந்து பின்னாக. முன் பில்லரில் ஏர்பேக் இருந்தால் ட்ரிம்மை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. ஏர்பேக் வெடிக்கும்போது ட்ரிம் பறந்து முகத்தில் அடிக்காமலிருக்க ஒரு பிடிப்புக் கிளிப் அதைக் கட்டிவைத்திருக்கும். மேல்பக்கத்தைச் சிறிது நெம்பி உள்ளே பார்த்து, அந்தக் கிளிப்பை விடுவித்துவிட்டு இழுங்கள். இந்தக் கிளிப் பல மாடல்களில் ஒருமுறை மட்டுமே பயன்படுவது. புதியது வாங்கி வையுங்கள். நடு பில்லரில் சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டிவரும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மின்சாரம் உள்ளவை: ரூம் லைட், முன்னால் இருக்கும் கன்சோல், மைக், பின்பக்கம் பார்க்கும் உள் கண்ணாடியின் பின்னால் போகும் ஒயர் மூடி. ரூம் லைட்டில் முதலில் கண்ணாடி மூடியை நெம்பினால் உள்ளே ஸ்க்ரூ தெரியும். மூடியைத் திறக்காமல் மொத்த லைட்டையும் நெம்பிப் போர்டின் குழியைக் கிழித்துக்கொள்வது புதிதாகச் செய்பவர்களிடம் அடிக்கடி நடப்பது. சன்ரூஃப் உள்ள வண்டியில் திறப்பின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையத்தை இழுத்து எடுங்கள்.

கடைசியில் தாங்கிகள்: பின் ஓர புஷ் கிளிப்கள், கைப்பிடிகள், அதற்கப்புறம் சன் வைசர்களும் அவற்றின் கொக்கிகளும். கைப்பிடி ஸ்க்ரூக்கள் சிறு மூடிக்குள் இருக்கும். சன் வைசரைக் கழற்றும்போது இன்னொருவர் போர்டைக் கையால் தாங்கியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு இடத்து ஸ்க்ரூவையும் தனித்தனி உறையில் போட்டு எழுதிவையுங்கள். கைப்பிடி ஸ்க்ரூவும் வைசர் ஸ்க்ரூவும் பார்க்க ஒன்று போலிருந்து நீளம் மாறும். நீளமானதைத் தவறான இடத்தில் முறுக்கினால் மேல் தகட்டில் வெளியே முட்டிக்கொண்டு தெரியும்.

5. போர்டை வெளியே எடுத்தல்

எல்லாம் கழற்றியபின்னும் இறங்கவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம். சில வண்டிகளில் போர்டின் மேல் பக்கம் வெல்க்ரோவாலோ, காந்தத்தாலோ, பசைப் பொட்டுகளாலோ கூரைத் தகட்டோடு பிடித்திருக்கும். உள்ளங்கையை நுழைத்து அந்த இடத்துக்கு அருகிலேயே பிரித்தெடுங்கள். தூரத்திலிருந்து இழுத்தால் போர்டு உடையும். ஒயர்கள் போர்டின் முதுகில் டேப்பாலோ சூட்டுப் பசையாலோ ஒட்டியிருக்கும். கனெக்டர்களைப் பிரித்து ஒயர் போகும் பாதையைப் படம் எடுங்கள். பின் வைப்பருக்குப் போகும் தண்ணீர்க் குழாயும் ஆன்டெனா ஒயரும் அங்கேதான் ஓடுகின்றன.

ஹேட்ச்பேக்கும் எஸ்யூவியும் என்றால் பின்கதவு வழியாக எடுப்பது சுலபம். செடானில் பெரும்பாலும் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டின் முன்கதவு வழியாக. ஸ்டீயரிங் இல்லாத பக்கம் என்பதால் இடம் அதிகம். போர்டை உள்ளேயே சாய்த்து, ஒரு மூலையை முதலில் கதவுக்குள் விட்டு, மற்றவர் உள்ளிருந்து பின்முனையைத் தூக்கித் தர, சுழற்றியபடி எடுக்க வேண்டும். இரண்டு பேர் கட்டாயம்.

போர்டு லேசாக வளையும், மடியாது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டால் அங்கே நிறுத்துங்கள். ஒருமுறை விழுந்த மடிப்புக் கோடு புதுத் துணிக்கடியிலும் கோடாகவே தெரியும்.

6. பழைய ஸ்பாஞ்சைச் சுரண்டுதல்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான். வெளியில், காற்றோட்டமான இடத்தில், சமமான மேசை அல்லது இரண்டு ஸ்டூல்களின் மேல் போர்டை வையுங்கள். நடுப்பகுதிக்கும் தாங்கல் வேண்டும். என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி நார் போர்டு என்றால் முழுக்கைச் சட்டையும்.

துணியை ஒரு மூலையிலிருந்து தட்டையாக, போர்டோடு ஒட்டிய கோணத்தில் பின்னோக்கி உரியுங்கள். நேர் மேலே இழுத்தால் போர்டின் மேல் அட்டையும் கூட உரிந்து வரும். துணி வந்தபின் போர்டு முழுக்க ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத்தில் பிசுபிசுத்த தூள் படிந்திருக்கும். அதுதான் எதிரி.

நைலான் பிரஷால் ஒரே திசையில் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். அது அட்டையைப் பிராண்டிக் குழி போடும். தேய்க்க, வாக்குவம் பிடிக்க, மறுபடி தேய்க்க என்று மூன்று சுற்றாவது வரும். முதல் சுற்று முடிந்ததும் போர்டு சுத்தமாகிவிட்டது போலவே தோன்றும். அங்கே நிறுத்துபவர்கள்தான் ஆறு மாதத்தில் மறுபடி துணி வாங்குகிறார்கள்.

சோதனை இரண்டு. காய்ந்த உள்ளங்கையால் போர்டை அழுத்தித் தடவுங்கள். கையில் தூள் வரக் கூடாது. பிறகு ஒரு சாண் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, நகத்தால் தேய்த்து, உரித்துப் பாருங்கள். டேப்பின் பசைப் பக்கம் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தால் முடிந்தது. ஸ்பாஞ்ச் புள்ளிகள் மாவு தூவியது போல ஒட்டி வந்தால் இன்னொரு சுற்று. வைசர் பள்ளம், ரூம் லைட் குழி, பின் ஓரம் மூன்றிலும் டேப் சோதனையைத் தனித்தனியாகச் செய்யுங்கள். பிரஷ் சரியாகப் போகாத இடங்கள் அவை, துணி முதலில் விடும் இடங்களும் அவைதான்.

பிசுபிசுப்பு போகவில்லை என்று தின்னரோ அசிட்டோனோ ஊற்றாதீர்கள். ஃபோம் வகை போர்டு அதில் கரையலாம். அட்டை வகையில் உள்ளே ஊறிப் பழைய பசையை மேலே கொண்டுவரும். தண்ணீரால் கழுவுவதும் கூடாது.

7. போர்டைச் சரிசெய்தல்

விரிசல் இருந்தால் முதுகுப் பக்கத்திலிருந்து ஒட்டுங்கள். விரிசலின் இரு பக்கமும் 5 செ.மீ. தாண்டும்படி கண்ணாடி நார்த் துணியை வைத்து எபாக்ஸி தடவி, முகம் சமமாக இருக்கும்படி பலகையில் அழுத்தி உலரவிடுங்கள். பாலியஸ்டர் ரெசின் விலை குறைவு என்றாலும் சில ஃபோம் வகைகளை அது கரைத்துவிடும். எபாக்ஸி எல்லா போர்டுக்கும் பொருந்தும்.

வைசர் ஸ்க்ரூ துளை பெரிதாகியிருந்தால் பின்பக்கம் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டி, அதில் துளை போடுங்கள். ஏர்பேக் விரியும் ஓரத்தில் மட்டும் தகடு, எபாக்ஸி, தடித்த ஒட்டு எதுவும் சேர்க்காதீர்கள். அந்த ஓரம் வளைந்து கொடுத்தால்தான் ஏர்பேக் வெளியே வர முடியும்.

தண்ணீர்க் கறை தெரிந்தால் துணியைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டு ஒழுகும் இடத்தைத் தேடுங்கள். சன்ரூஃபின் நீர் வடியும் குழாய் அடைப்பு, ஆன்டெனா அடி ரப்பர், ரூஃப் ரெயில் போல்ட், முன் கண்ணாடி சீல் என்று வழக்கமான சந்தேக இடங்கள் நான்கு. கூரை இப்போது திறந்திருக்கிறது. மேலே குழாயில் தண்ணீர் விட்டால் எங்கே சொட்டுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இதற்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

8. துணியைப் பொருத்திப் பார்த்தல்

துணியை முந்தைய நாளே பிரித்துத் தட்டையாக விரித்து வையுங்கள். மடிப்பை நீக்க இஸ்திரி போட்டால் ஸ்பாஞ்ச் உருகி அமுங்கிவிடும்.

இரு கையால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பாருங்கள்; ஒரு பக்கம் அதிகம் கொடுக்கும். வழக்கமாக அது ரோலின் அகலவாக்கு, அதைக் காரின் அகலத்தோடு பொருத்துங்கள். துணியின் ரோமம் ஒரு பக்கமாகப் படியும் திசை இருந்தால் பில்லர் ட்ரிம் துண்டுகளும் அதே திசையில் வர வேண்டும். மாறினால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

போர்டின் மேல் போட்டு, பள்ளங்களுக்குள் கையால் உட்காரவைத்தபின் சுற்றிலும் குறைந்தது 5 செ.மீ. மிச்சம் தொங்க வேண்டும். மேசைமேல் விரித்தபோது போதுமாக இருந்த துணி, பள்ளத்தில் இறங்கியபின் ஓரத்தில் 3 செ.மீ. குறைவதுண்டு. அதனால் இந்தக் கட்டத்தில் எதையும் வெட்டாதீர்கள். போர்டின் நடுக்கோட்டையும் துணியின் நடுக்கோட்டையும் முன்னும் பின்னும் டேப்பால் அடையாளமிடுங்கள்.

9. பசை அடித்தல்

தீப்பொறி இல்லாத, காற்று போகும் இடம். பைலட் சுடர் (கேஸ் சாதனங்களில் எப்போதும் எரியும் சிறு சுடர்), சிகரெட், வெல்டிங் எதுவும் அருகில் கூடாது. பசை ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 20 முதல் 27 டிகிரி வெப்பநிலையும் உலர்ந்த காற்றும் நல்லது. மழை நாளில் பசைமேல் ஈரம் படிந்து பிடிப்பு குறையும். சுட்டெரிக்கும் வெயிலில் அடித்தால், ஒட்டும் முன்பே காய்ந்துவிடும்.

போர்டின் மேல் துணியை வைத்து, முன்பாதியை நடுக்கோடு வரை பின்னால் மடித்துப் போடுங்கள். இப்போது பாதி போர்டும், பாதித் துணியின் ஸ்பாஞ்ச் பக்கமும் தெரியும். இரண்டிலும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கான்டாக்ட் பசையின் பலம் பாதிகூட வராது.

டப்பாவை நன்கு குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூடும்படி அடியுங்கள். முதல் பூச்சு இடவலமாக. சில நிமிடம் கழித்து இரண்டாவது பூச்சு முன்பின்னாக. குறுக்கும் நெடுக்கும் அடித்தால்தான் விட்டுப்போன இடம் இருக்காது. ஓரங்களிலும் பள்ளங்களிலும் ஒரு வீச்சு கூடுதல். ஒரே இடத்தில் நின்று அடித்து ஸ்பாஞ்சை நனைத்தால் அது அமுங்கி, முகத்தில் கறையாகவோ குழியாகவோ தெரியும்.

அடித்ததும் ஒட்டக் கூடாது. விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள். பிடிக்க வேண்டும், ஆனால் விரலோடு நூல் போல இழுபட்டு வரக் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஒரு கணக்குக்குத்தான். 5 நிமிடமும் ஆகலாம், 10 நிமிடமும் ஆகலாம். விரல்தான் தீர்ப்பு.

10. ஒட்டுதல்

இரண்டு பேர். ஒருவர் துணியின் முன் ஓரத்தை இரு மூலையும் பிடித்து, போர்டில் படாமல் தூக்கி வைத்திருக்க வேண்டும். மற்றவர் நடுக்கோட்டிலிருந்து முன்னோக்கி, கைக்கு எட்டும் அகலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையால் படியவைக்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தாதீர்கள். ஸ்பாஞ்ச் அமுங்கி அந்த இடம் குழியாகத் தெரியும்.

பள்ளம் வரும் இடத்தில் நிதானம். சன் வைசர் பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளத்தின் ஓரம் வரை படிந்ததும், துணியை எதிர் ஓரத்துக்கு இழுத்துத் தாண்டவிடாமல், முதலில் கைவிளிம்பால் சரிவில் இறக்கி, அடித்தளத்தில் படியவைத்து, பிறகு எதிர்ச் சரிவில் ஏற்றி, அதற்கப்புறம்தான் சமதளத்துக்கு வர வேண்டும். எறும்பு ஊர்ந்து போகும் பாதைபோல, போர்டின் உருவத்தை விட்டு விலகாமல் துணி போக வேண்டும். மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போட்டுவிட்டு, பிறகு நடுவில் அழுத்தி உள்ளே தள்ளினால் துணி இழுவிசையில் நிற்கும். முதல் கோடையிலேயே அந்தப் பள்ளம் மேலெழும்பி வயிறு தள்ளும்.

சுருக்கம் விழுந்தால் உடனே, ஒரு நிமிடத்துக்குள், அந்தப் பகுதியை மட்டும் தூக்கி மறுபடி படியவையுங்கள். தாமதித்து உரித்தால் ஸ்பாஞ்ச் போர்டிலேயே தங்கிவிடும். துணியை மேளத்தோல் போல இழுத்துக் கட்டவும் வேண்டாம். இழுக்காமல் போட்டு, கையால் தடவிச் சமன்செய்தால் போதும்.

முன்பாதி முடிந்ததும் பின்பாதியை மடித்து அதே முறை. நடுக்கோட்டில் பழைய பூச்சின் எல்லையை 2 செ.மீ. மேவி அடியுங்கள். இல்லையெனில் கூரையின் குறுக்கே பசை இல்லாத ஒரு பட்டை விழும்.

11. காயவிடுதல், வெட்டுதல்

24 மணி நேரம் தொடாதீர்கள். பசை முழுதாகப் பிடிக்கும் முன் ஓரத்தை வெட்டி மடித்தால், மடிக்கும் இழுப்பில் துணி வளைவுகளிலிருந்து கிளம்பிவிடும்.

பீடிங்குக்குள் மறையும் ஓரங்களில் துணியைப் போர்டின் விளிம்போடு சமமாக வெட்டினால் போதும். மடித்தால் கனம் கூடி பீடிங் உட்காராது. பின் கண்ணாடி ஓரம், சன்ரூஃப் திறப்பு போன்று கண்ணில் படும் ஓரங்களில் 2.5 செ.மீ. விட்டு வெட்டி, பின்னால் மடித்து ஒட்டுங்கள். வளைந்த ஓரத்தில் மடிப்புத் துணியில் சிறு வெட்டுகள் கொடுத்தால் குவியாது. வெட்டு, விளிம்புக்கு 5 மி.மீ. முன்பே நிற்க வேண்டும்.

ரூம் லைட் குழியில் நடுவிலிருந்து மூலைகளுக்கு பெருக்கல் குறி போல வெட்டி, நான்கு நாக்குகளையும் பின்னால் மடித்து ஒட்டுங்கள். ஸ்க்ரூ துளைகளை முகத்திலிருந்து தேடாமல், முதுகிலிருந்து குத்தூசியால் குத்திக் கண்டுபிடியுங்கள். துளையைப் பெரிதாக்க வேண்டாம். ட்ரில் மெஷின் நூலைச் சுற்றி இழுத்து நீளக் கோடாகப் பிரித்துவிடும். ஐந்தாறு வெட்டுக்கு ஒரு முறை பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு ஸ்பாஞ்சைக் கிழிக்கும்.

12. திரும்ப மாட்டுதல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணிக் கையுறை போடுங்கள். வெளிர் நிறத் துணியில் விழும் முதல் கறை பெரும்பாலும் மாட்டுபவர் கைரேகைதான். ஒயர்களையும் தண்ணீர்க் குழாயையும் எடுத்த படத்தைப் பார்த்து முதுகில் டேப் போடுங்கள். ஏர்பேக் மேல் எந்த ஒயரும் குறுக்கே போகக் கூடாது.

எடுத்த வழியிலேயே உள்ளே விட்டு, முதலில் சன் வைசர்களைத் தளர்வாக மாட்டுங்கள். பின்பு கைப்பிடிகள், பின் கிளிப்கள். எதையும் முழுக்க முறுக்காமல் எல்லாத் துளைகளும் நேராக வருகின்றனவா என்று பார்த்து, இடவலம் சரிசெய்து, பிறகு முறுக்குங்கள். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கினால் எதிர் மூலையில் துளை 1 செ.மீ. விலகி நிற்கும்.

அதன்பின் விளக்குகள், கன்சோல், பில்லர் ட்ரிம்கள், பீடிங் என்று இறங்குங்கள். பில்லர் ட்ரிம் போடும் முன் கர்ட்டன் ஏர்பேக் முறுக்கில்லாமல் தன் இடத்தில் கிடக்கிறதா, பிடிப்புக் கிளிப் மாட்டியாயிற்றா என்று பாருங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மேனுவலில் சொன்ன டார்க் அளவுக்கே முறுக்க வேண்டும். கை அளவு போதாது. எல்லா கனெக்டரும் போட்டபின் பேட்டரி, பிறகு சாவி. ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை எடுக்காமல் கனெக்டர்களை மறுபடி பாருங்கள்.

13. பிறகு தலைகாட்டும் குறைகளும் அவற்றின் காரணமும்

சில வாரத்தில் பெரிய வயிறு போலத் தொங்கினால், போர்டில் தூள் மிச்சமிருந்தது. மறுபடி உரிப்பதைத் தவிர வழியில்லை.

பள்ளங்களில் மட்டும் கிளம்பினால் பாலம் போட்டு ஒட்டியது. நல்ல வெயில் நாளில் மதியம் மட்டும் தளர்ந்து இரவில் இறுகினால் பசையின் சூடு தாங்கும் அளவு போதவில்லை.

அங்கங்கே நாணய அளவு குழிகள் தெரிந்தால் விரல் நுனியால் அழுத்தியது, அல்லது பசையில் ஸ்பாஞ்ச் நனைந்தது. விரல் குழி சில நாளில் ஓரளவு மேலெழும்பும். பசைக் குழி எழும்பாது.

ஓரம் மட்டும் சுருண்டு பீடிங்கிலிருந்து வெளியே வந்தால் துணி குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. பீடிங்கை இறக்கி, தூரிகையால் பசை தடவி, மாஸ்கிங் டேப்பால் ஒரு நாள் பிடித்துவைத்தால் சரியாகும்.

ஓடும்போது கூரையில் சத்தம் வந்தால் விட்டுப்போன ஒயர் டேப்பையோ உடைந்த கிளிப்பையோ தேடுங்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் உள்ளங்கையால் கூரையைப் பகுதி பகுதியாக அழுத்திப் பார்க்க வேண்டும்; எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே இருக்கிறது.

பசை வாடை ஓரிரு நாள் இருக்கும். அதுவரை கண்ணாடியைச் சற்றே இறக்கி, நிழலில் நிறுத்துங்கள். முதல் 2 நாள் நேர் வெயிலில் விட வேண்டாம்.